‘100% கனடா பி.ஆர் கேரன்டி’ என்கிறாரா கன்சல்டன்ட்? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்!

சிவப்பு மேப்பிள் இலை, மேலே பறக்கும் விமானம், கையசைக்கும் ஒரு குடும்பம். பக்கத்திலேயே, ‘கனடா பி.ஆர்... 100% கேரன்டி!’ என்ற வரி. ஃபேஸ்புக்கைத் திறந்தாலும் சரி, டவுன் பஸ்ஸின் பின்புறத்தைப் பார்த்தாலும் சரி, இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படாமல் போகாது.

போன் செய்தால் இனிமையான குரல் பேசும். நேரில் போனால் ஏ.சி. அறை, காபி. அரை மணி நேரத்தில், ‘உங்க புரொஃபைல் சூப்பர் சார், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா அடுத்த டிராவுலயே போட்டுடலாம்’ என்பார்கள். வீட்டுக்கு வந்து பேசி, மனைவியின் வளையலை அடகு வைத்தோ, அப்பாவின் பி.எஃப். பணத்தை எடுத்தோ கட்டிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் பலருக்கும் கேள்வியே எழுகிறது. இவர் யார்? இவருக்கு இதைச் செய்ய உரிமை இருக்கிறதா?

இந்தக் கேள்வியைப் பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். காரணம், இதில் போகக்கூடியது பணம் மட்டுமல்ல. கன்சல்டன்ட் எழுதிய ஒரு பொய்க்காக, விண்ணப்பித்தவர் 5 ஆண்டுகள் கனடா பக்கமே போக முடியாத நிலை வரலாம். கட்டணம் வாங்கியது அவராக இருந்தாலும், விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் கையெழுத்தும் உங்களுடையவை.

கன்சல்டன்ட் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. கனடா குடிவரவுத் துறையின் படிவங்களும் வழிகாட்டிகளும் அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கன்சல்டன்ட் மூலம் வந்த விண்ணப்பத்துக்கு முன்னுரிமை கிடையாது. நீங்களே போட்டாலும், அவர் மூலம் போட்டாலும் ஒரே வரிசை, ஒரே விதி.

திறன்மிகு பணியாளர்கள் பி.ஆர். பெறுவதற்கான முக்கிய வழி, 2015 ஜனவரியில் தொடங்கிய ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’. இதில் புரொஃபைல் உருவாக்கக் கட்டணமே இல்லை. வயது, படிப்பு, மொழித் தேர்வு மதிப்பெண், வேலை அனுபவம் ஆகியவற்றை வைத்து 1,200-க்கு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் புள்ளி போடும். புள்ளி அதிகம் உள்ளவர்களுக்கு அழைப்பு வரும். அழைப்பு வந்த பிறகு 60 நாள்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் ஆவணங்களுடன் சமர்ப்பிக்க வேண்டும். பெரிய கட்டணம் அப்போதுதான்.

‘புரொஃபைல் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், கனடா கவர்ன்மென்ட்டுக்குக் கட்டணும்’ என்று ஆரம்பத்திலேயே யாராவது பணம் கேட்டால், அப்படி ஓர் அரசுக் கட்டணமே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அவருடைய சேவைக் கட்டணம் என்றால், அதை அப்படியே சொல்லித்தான் வாங்க வேண்டும்.

புள்ளியை உயர்த்துவது யார்?

‘நாங்க ஸ்கோரை ஏத்தித் தர்றோம்’ என்பது அடிக்கடி கேட்கும் வசனம். உண்மையில் புள்ளியை உயர்த்துவது எது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

திருமணமாகாத ஒருவர், முதுகலைப் பட்டம், இந்தியாவில் 3 ஆண்டு வேலை அனுபவம் என்று வைத்துக்கொள்வோம். ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் தேர்வில் கேட்டலில் 7.5, மற்ற மூன்று பகுதிகளிலும் 6.5 வாங்கியிருக்கிறார். இது கனடாவின் மொழி அளவுகோலில் 8-வது நிலை. இவரே மறுபடி எழுதி, கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கினால் 9-வது நிலைக்குப் போய்விடுவார்.

ஒவ்வொரு பகுதியிலும் அரை மதிப்பெண்தான் வித்தியாசம். ஆனால், 2025-ல் நடைமுறையில் இருந்த அட்டவணைப்படி மொழிக்காக மட்டும் 32 புள்ளிகள் கூடும். படிப்பும் மொழியும் சேர்ந்த பிரிவில் 25, அனுபவமும் மொழியும் சேர்ந்த பிரிவில் 25. ஆக மொத்தம் 82 புள்ளிகள்!

இந்த 82 புள்ளிகளை எந்த கன்சல்டன்ட்டாலும் வாங்கித் தர முடியாது. அதற்கு வழி, இரண்டு மூன்று மாதப் பயிற்சியும் மறுதேர்வுக் கட்டணமும்தான். அதேநேரம், 30 முதல் 40 வயது வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 அல்லது 6 புள்ளிகள் குறையும் என்பதும் உண்மை. ‘ஃபைல் போட்டாச்சு, வெயிட் பண்ணுங்க’ என்று கன்சல்டன்ட் ஓராண்டு இழுத்தடித்தால், நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

இன்னொரு விஷயம். வேலை ஆஃபர் இருந்தால் 50 அல்லது 200 புள்ளி என்ற விதி, 2025 மார்ச் 25 அன்று நீக்கப்பட்டுவிட்டது. பணத்துக்கு வேலைக் கடிதம் விற்கும் மோசடியைத் தடுப்பதும் இதற்கு ஒரு காரணம் எனக் கனடா அரசு சொன்னது. இன்றும் யாராவது, ‘ஜாப் ஆஃபர் லெட்டர் வாங்கித் தர்றோம், எக்ஸ்பிரஸ் என்ட்ரியில 50 பாயின்ட் ஏறும்’ என்றால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல யாருக்கு உரிமை?

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 91-வது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. கட்டணம் பெற்றுக்கொண்டு குடிவரவு ஆலோசனை வழங்க மூன்று தரப்பினருக்கே அனுமதி.

1. கனடாவின் மாகாண வழக்கறிஞர் சங்கங்களில் உறுப்பினராக உள்ள வழக்கறிஞர்கள், பாராலீகல்கள்.

2. கியூபெக் மாகாணத்தின் நோட்டரிகள் சபை உறுப்பினர்கள்.

3. ‘காலேஜ் ஆஃப் இமிக்ரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ்’ அமைப்பில் லைசென்ஸ் பெற்றவர்கள்.

மூன்றாவதில் ‘காலேஜ்’ என்று இருப்பதைப் பார்த்துப் பாடம் நடத்தும் கல்லூரி என நினைக்க வேண்டாம். நம் ஊர் வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல, கன்சல்டன்ட்டுகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இது. 2021 நவம்பர் 23 முதல் செயல்படுகிறது. இதில் லைசென்ஸ் பெற்ற கன்சல்டன்ட்டை ‘ஆர்.சி.ஐ.சி.’ என்று சுருக்கமாக அழைப்பார்கள்.

அப்படியானால், டொரன்டோவில் இருக்கும் சித்தப்பா மகன் ஃபார்ம் நிரப்ப உதவினால் தப்பா? இல்லை. பணமோ பிரதிபலனோ வாங்காமல் உறவினரும் நண்பரும் உதவலாம். அவரையே உங்கள் பிரதிநிதியாக நியமிப்பதென்றால், ‘ஐ.எம்.எம். 5476’ என்ற படிவத்தில் அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். கட்டணம் வாங்கும் கன்சல்டன்ட்டுக்கும் இதே படிவம்தான்.

இந்தப் படிவத்தைப் பற்றியே பேசாத கன்சல்டன்ட்டிடம் எச்சரிக்கை தேவை. லைசென்ஸ் இல்லாதவர்கள், விண்ணப்பதாரரே எல்லாம் செய்ததுபோல அவர் பெயரில் கணக்குத் தொடங்கி, தங்கள் இ-மெயிலையும் பாஸ்வேர்டையும் போட்டுக்கொள்வார்கள். கனடாவில் இவர்களுக்கு ‘கோஸ்ட் கன்சல்டன்ட்’ என்று பெயர். ஃபைலில் எங்கேயும் தெரியாத பேய்கள்! அங்கீகாரம் இல்லாதவருக்குப் பணம் கொடுத்து விண்ணப்பித்தது தெரியவந்தால், குடிவரவுத் துறை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம், நிராகரிக்கவும் செய்யலாம்.

5 நிமிடத்தில் லைசென்ஸ் செக்!

லைசென்ஸ் எண், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 6 இலக்கங்களுடன் இருக்கும். காலேஜின் இணையதளத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். போன் இருந்தால் போதும், கட்டணம் இல்லை.

பெயர் இருந்தால் மட்டும் போதாது. லைசென்ஸ் இப்போது செல்லுபடியாகிறதா, இடைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதையும் பாருங்கள்.

உண்மையான ஒருவரின் லைசென்ஸ் எண்ணைத் திருடி, விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்பவர்களும் உண்டு. அதனால், கார்டில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாமல், பதிவேட்டில் இருக்கும் தொடர்பு விவரத்தின் வழியே அவரைத் தொடர்புகொண்டு, ‘இந்த ஊர் ஆபீஸ் உங்களுடையதுதானா?’ என்று கேளுங்கள்.

‘கனடாவுல எங்க ஆள் இருக்கார் சார்!’

நம் ஊர் அலுவலகங்களில் நேரில் பேசுபவர் பெரும்பாலும் விற்பனைப் பிரிவு ஊழியர். லைசென்ஸ் பற்றிக் கேட்டால், ‘எங்க ஆர்.சி.ஐ.சி. டொரன்டோவுல இருக்கார்’ என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

* அந்த ஆர்.சி.ஐ.சி-யுடன் வீடியோ காலில் நேரடியாகப் பேச வேண்டும்.

* ஒப்பந்தத்தில் அவருடைய பெயர், லைசென்ஸ் எண், கையெழுத்து இருக்க வேண்டும்.

* ஐ.எம்.எம். 5476 படிவத்தில் அவர் பெயர்தான் இருக்க வேண்டும்.

‘சார் ரொம்ப பிஸி, ஃபைல் மூவ் ஆனதும் பேசுவார்’ என்று இழுத்தால், நீங்கள் பணம் கொடுப்பது யாருக்கு என்பதே உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம்.

கன்சல்டன்ட் உண்மையில் உதவுவது எப்போது?

நேர்மையான ஆர்.சி.ஐ.சி-யின் வேலையைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. சில சூழல்களில் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்போகாது.

முன்பு எந்த நாட்டு விசாவாவது நிராகரிக்கப்பட்டிருந்தால், போலீஸ் வழக்கு இருந்தால், விவாகரத்தாகிக் குழந்தையை உடன் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தால், குடும்பத்தில் யாருக்காவது மருத்துவச் சிக்கல் இருந்தால், வேலையில் நீண்ட இடைவெளி இருந்தால்... இதிலெல்லாம் அனுபவசாலியின் ஆலோசனை அவசியம். அதேபோல, ‘உங்கள் தகவலில் சந்தேகம் இருக்கிறது, விளக்கம் கொடுங்கள்’ என்று குடிவரவுத் துறையிலிருந்து கடிதம் வந்துவிட்டால், சொந்தமாகப் பதில் எழுதி விஷப்பரீட்சை செய்ய வேண்டாம்.

வேலைக்கான குறியீட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று இருக்கும். ஆனால், தினமும் செய்யும் வேலை வேறாக இருக்கும். கனடா பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, செய்த வேலையை. நிறுவனம் கொடுக்கும் அனுபவக் கடிதத்தில் பொறுப்புகள் விவரமாக இருக்க வேண்டும். இதைச் சரியாகப் பொருத்திக் காட்டுவதில் நல்ல கன்சல்டன்ட்டின் அனுபவம் தெரியும்.

முழு ஃபைலையும் ஒப்படைக்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு முறை கட்டணம் செலுத்தி ஆலோசனை பெற்றுவிட்டு, மீதியை நீங்களே செய்துகொள்ளலாம். விண்ணப்பத்தை நீங்கள் தயாரித்து, சமர்ப்பிக்கும் முன் சரிபார்த்துத் தரச் சொல்லியும் கேட்கலாம்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்ட பிறகே பணியைத் தொடங்க வேண்டும் என்று ஆர்.சி.ஐ.சி-களுக்கான நடத்தை விதிகள் சொல்கின்றன. ‘கட்டாயம் பி.ஆர். கிடைக்கும்’ என்று உத்தரவாதம் தரவும் அதே விதிகளில் தடை உண்டு. அதாவது, ‘100% கேரன்டி’ என்ற விளம்பரமே அவர் விதியை மீறுகிறார் அல்லது லைசென்ஸே இல்லாதவர் என்பதற்கான அடையாளம்!

ஒப்பந்தத்தில் எந்தெந்தப் பணிகள் அடங்கும், கட்டணம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு கட்ட வேண்டும், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். அழைப்பே வராவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

அரசுக் கட்டணத்தையும் சேவைக் கட்டணத்தையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 2024 ஏப்ரல் 30 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் முதன்மை விண்ணப்பதாரருக்கு 1,525 கனடா டாலர், கணவன் அல்லது மனைவிக்கு 1,525, ஒரு குழந்தைக்கு 260. பயோமெட்ரிக்ஸ் குடும்பத்துக்கு அதிகபட்சம் 170. மூன்று பேர் குடும்பத்துக்கு 3,480 டாலர். இந்த விகிதம் அவ்வப்போது மாறும் என்பதால், கட்டும் நாளில் குடிவரவுத் துறை தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கவர்ன்மென்ட் ஃபீஸ்’ என்று சொல்லப்படும் தொகை இதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்தி, ரசீது வாங்குங்கள். தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் வேண்டாம். ஒரிஜினல் பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் ‘எங்ககிட்டயே இருக்கட்டும்’ என்று வாங்கி வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிணைபோல வைத்துக்கொள்ள எந்த கன்சல்டன்ட்டுக்கும் உரிமை இல்லை.

ஒரு பொய், 5 ஆண்டுத் தடை

‘பேங்க் பேலன்ஸ் கம்மியா இருக்கா? ஒரு மாசத்துக்கு நாங்களே போட்டுக் காட்டுறோம்’, ‘எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெடி பண்ணித் தர்றோம்’. இவையெல்லாம் உதவி போலத் தோன்றும். ஆனால், காட்ட வேண்டிய பணம் மற்றவரிடம் கடனாக வாங்கியதாக இருக்கக் கூடாது என்பது கனடாவின் விதி. பொய்த் தகவலோ போலி ஆவணமோ கொடுத்தது கண்டுபிடிக்கப்பட்டால், 40-வது பிரிவின்படி 5 ஆண்டுகளுக்குத் தடை. ‘ஏஜென்ட்தான் செய்தார், எனக்குத் தெரியாது’ என்ற பதில் பெரும்பாலும் எடுபடாது.

இதற்குப் பெரிய சாட்சி பஞ்சாப் மாணவர்கள். ஜலந்தரைச் சேர்ந்த ஓர் ஏஜென்ட் மூலம் கனடா சென்றவர்களுக்கு, அங்கே இறங்கியதும் ‘அந்த காலேஜில் சீட் முடிந்துவிட்டது, வேறு காலேஜில் சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லப்பட்டது. அவர்களும் சேர்ந்து, படித்து, வேலையும் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்து பி.ஆருக்கு விண்ணப்பித்தபோதுதான், விசா வாங்கக் கொடுத்த அட்மிஷன் கடிதமே போலி என்பது வெளிப்பட்டது. நாடு கடத்தும் நடவடிக்கையை எதிர்த்து 2023-ல் அவர்கள் தெருவில் அமர்ந்து போராடினார்கள். அதன் பிறகே, தவறு செய்யாத மாணவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கக் கனடா அரசு குழு அமைத்தது. அந்த ஏஜென்ட்டுக்கு 2024 மே மாதம் வான்கூவர் நீதிமன்றம் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

2023 டிசம்பர் 1 முதல் மாணவர்களின் அட்மிஷன் கடிதங்களைக் குடிவரவுத் துறையே கல்லூரியிடம் நேரடியாகச் சரிபார்க்கிறது. ஆனாலும், அட்மிஷன் கடிதம் கைக்கு வந்ததும் கல்லூரிக்கு நீங்களே ஒரு இ-மெயில் போட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு விதி

பி.ஆர். வேறு, வேலைக்கு ஆள் எடுப்பது வேறு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகள், இந்தியாவின் 1983-ம் ஆண்டு குடிப்பெயர்வுச் சட்டப்படி மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அவர்களின் பெயரைத் தேடலாம். வேலை தேடுபவரிடம் அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான். தமிழக அரசின் ‘ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்’ நிறுவனமும் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் எடுக்கிறது.

‘டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்பவரை நம்பவே வேண்டாம். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள், 2022-ல் மியான்மரின் மியாவாடி பகுதியில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கித் தவித்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

மற்ற நாடுகள்?

ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட்டுக்கு 7 இலக்கப் பதிவு எண் உண்டு. நியூசிலாந்தில் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி ஆலோசகர்களுக்கு லைசென்ஸ் அவசியம். வழக்கறிஞர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. பிரிட்டனில் ஆலோசகர்களைக் கண்காணிக்கும் அமைப்பு, 2025 ஜனவரி முதல் ‘இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி’ என்ற பெயரில் இயங்குகிறது. இந்த மூன்று நாடுகளிலும் பதிவேட்டை ஆன்லைனில் பார்க்கலாம். அமெரிக்காவைப் பொறுத்தவரை, வழக்கறிஞரும் அந்நாட்டு நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதியும் மட்டுமே சட்ட ஆலோசனை தரலாம்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

‘வெளியே தெரிந்தால் அசிங்கம்’ என்று பல குடும்பங்கள் மௌனமாகிவிடுகின்றன. அந்த மௌனம்தான் மோசடிக்காரர்களின் மூலதனம்.

ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தது தெரிந்தால், உடனடியாக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை முடக்கும் வாய்ப்பைக் குறைக்கும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பர ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காமல் போலீஸில் புகார் கொடுங்கள். சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகலாம்; நுகர்வோர் உதவி எண் 1915. லைசென்ஸ் உள்ள கன்சல்டன்ட் என்றால், கனடாவில் உள்ள காலேஜிலும் புகார் செய்யலாம்.

இதுவரை ஏமாறாதவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன், முழு பி.டி.எஃப். ஃபைலையும் கன்சல்டன்ட்டிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து, பெயர், பிறந்த தேதி, வேலை பார்த்த மாதங்கள், வங்கி இருப்பு, பழைய விசா நிராகரிப்பு என ஒவ்வொரு வரியையும் படியுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு வரி அதில் இருந்தால், அதற்கு விளக்கம் கிடைக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.